சட்டை தோய்க்காத அக்காவுக்கு

அன்பான ஊத்தை அக்கா,

சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனில் நாங்கள் இருக்கும் கட்டிடத்தின் நிலக்கீழ் சலவை அறையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட எங்கள் செவ்வாய்க்கிழமைத் தோய்ப்பு முறை, வீட்டுப் பராமரிப்பாளரின் ஒரு கடிதத்தால் அகால மரணமடைந்தது. இனி எங்கள் முறை வியாழன். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், மூன்றாம் மாடி முறைப்பாட்டுக்காரர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

சிரித்தாயா? உன் உண்மையான மரண அறிவித்தலில் நீ எங்கே படித்தாய், எங்கே வேலை செய்தாய் என்றெல்லாம் போட்டார்கள். நீ பாடினாய் என்று ஒருவரும் போடவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன். ரயிலுக்குக் காத்துநின்ற இருபத்தொரு வயதுக்காரியின் தலைக்குள் ஒரு நரம்பு வெடித்தால், அவளுடைய பாட்டு எங்கே போகும்? தெரிந்தால் சொல்.

முதல் வியாழக்கிழமை அம்மா கூடையோடு உன் அறைக்குள் போனார். கதவின் பின்னால் உன் கைவெட்டிய கறுப்புச் சட்டை தொங்கியது. பல் இடுக்குத் துப்புரவாக்கும் நூலால் நீ தைத்த துணித்துண்டுகள், வியர்வை, நாய்மயிர், எல்லாம் சேர்ந்து தானாகவே நிற்கக்கூடிய சட்டை. அம்மா கைவைப்பதற்குள் நான் பாய்ந்து எடுத்து அணிந்துகொண்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம் அவருடைய முகத்தில் விளக்கு எரிந்தது. பிறகு நான்தான் என்று தெரிந்ததும் அணைந்தது. அக்கா, அந்தப் பகிடியை நான் மறுபடி செய்யவில்லை.

கிரஸ்ட் பங்க் என்றால் என்ன என்று இன்னும் கேட்கிறார்கள். நீ எனக்குக் குசினியில் சொல்லித்தந்ததையே சொல்கிறேன். எண்பதுகளின் இங்கிலாந்து. வேலையில்லாத பிள்ளைகள், ஆளில்லாத வீடுகளுக்குள் புகுந்து குடியிருந்தவர்கள், பங்க் இசையின் கோபத்தையும் மெட்டல் இசையின் பாரத்தையும் ஒரே சட்டியில் போட்டு அடிப்பிடிக்க விட்டார்கள். அந்தக் காந்தல்தான் கிரஸ்ட். சட்டையில் படிந்த ஊத்தைப் பொருக்கால் வந்த பெயர் என்றும் சொல்வார்கள் என்றாய். அம்மா அனுப்பிய சங்கீத வகுப்பிலிருந்து நீ சங்கடகீதத்துக்கு மாறியது அப்படித்தான். அப்பா மட்டும் கலியாண வீடுகளில் 'மகள் பங்க்' என்று வாய்க்குள் சொல்லி, சுவிஸ் பாங்கில் வேலையாக்கும் என்று சனம் மகிழ்வதைத் திருத்தாமல் விட்டார்.

"அவங்கள் அணுகுண்டு விழும் எண்டு பயந்து பாடினவங்கள், தம்பி," என்று நீ ஒருநாள் சொன்னாய். "எங்கட ஊரில குண்டு உண்மையாவே விழுந்தது. நாங்கள் என்ன பாடினனாங்கள்?"

2009இல் எனக்கு ஆறு வயது, உனக்குப் பன்னிரண்டு. ஜெனீவாவில் ஐ.நா.வுக்கு முன்னால், கால் உடைந்த அந்தப் பெரிய மரக்கதிரைச் சிலையின் கீழ், போரை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டு நின்றோம். எனக்கு நினைவிருப்பது அப்பாவின் தோளும், ஈரமான கொடியும், தொண்டை கட்டி நீ வீட்டுக்கு வந்ததும்தான். பிறகு மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. ஆட்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்காமல் இருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போனார், அம்மா வேலைக்குப் போனார், நீ பள்ளிக்கூடம் போனாய். பிறகு யாரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. அவ்வளவு சத்தமும் எங்கே போய் ஒளித்தது என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். சில வருடம் கழித்து, பாடன் நகரில் யாரோ ஒருவரின் கராஜில் அதைக் கண்டுபிடித்ததாக வந்து சொன்னாய். மூன்று பேர், உடைந்த ஸ்பீக்கர், நிற்காத டிரம். சொற்கள் விளங்காதது உனக்குக் குறையாகப் படவில்லை. விளங்கும் சொற்களை எல்லோரும் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார்கள் என்றாய்.

அந்த இசைத்தட்டு உறைகளில் எப்போதும் கறுப்பு வெள்ளைப் பிணங்கள். நீ அதில் ஒன்றை முதுகில் தைத்துக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

"எங்கட சனத்தைப் பார்த்தது காணாதெண்டோ இதையும் முதுகில காவுறாய்?"

"முன்னால போட்டா நீங்கள் பார்க்கமாட்டியள் அம்மா."

இரண்டு கிழமை அம்மா உன்னோடு கதைக்கவில்லை. அந்தத் துண்டை நீ கழற்றவும் இல்லை.

இப்போது உன் பாட்டின் பதிவு என் கைபேசியில் இருக்கிறது. கத்துவதற்கு முன் நீ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் அதில் கேட்கும். நான் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். இழுத்த மூச்சோடு நீ எங்கள் வீட்டில் நிற்கிறாய். பஸ்ஸில், வகுப்பில், பல் விளக்கும்போது, யாரோ எனக்குப் பின்னால் மூச்சை இழுப்பதுபோல் இருக்கும். திரும்பினால் ஒருவரும் இல்லை. விட்டுவிடு அக்கா, அந்த மூச்சை. எத்தனை நாள்தான் பிடித்துக்கொண்டு நிற்பாய்?

உன் முதல் வருட ஆட்டத்திவசத்துக்கு முந்தின கிழமை ரேட்டோ கோல் எடுத்தான், உன் டிரம்காரன். அடுத்த ஞாயிறு மத்தியானம் உனக்காக வாசிக்கிறோம், உன் பாட்டை வேறொருவருக்குக் கொடுக்க மனமில்லை, தம்பி பாடாவிட்டால் இனி அதை வாசிக்கவே மாட்டோம் என்றான். நான் ஓம் என்றேன். எனக்கென்ன பயம்? பள்ளிக்கூட நெருப்பு மணியை இரண்டு தரம் அடித்தவன் நான்.

அம்மா கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

"எத்தினை பேர் வருவினம்?"

அறுபது பேராவது என்றேன்.

"இறைச்சி சாப்பிடுவினமோ?"

பால், தயிர்கூடத் தொடமாட்டார்கள் என்றேன்.

"அப்ப திவசச் சாப்பாடு காணும்," என்று உழுந்தை ஊறப்போட்டார்.

சூரிச்சில் கைவிட்ட தொழிற்சாலை ஒன்றில் உன் கூட்டாளிகள் குடியிருக்கிறார்கள் அல்லவா, அதன் கீழறை. எல்லோரும் கறுப்பு, நாயும் கறுப்பு. அம்மா மட்டும் மண்ணிறக் குளிர்க்கோட்டோடு இரண்டு சட்டி வடையைக் காவிக்கொண்டு நின்றார். நான் உன் சட்டையோடு மைக்கின் முன்னால் போனேன். அக்கா, என்ன கத்து! சுவர் அதிர்ந்தது. பெரிய பெரிய ஆட்கள் அழுதார்கள். ரேட்டோவின் தடி ஒன்று முறிந்தது. பதிவு இப்போது என் வகுப்பு முழுக்கச் சுற்றுகிறது. குரல் கொஞ்சம் மெல்லிசாக இருக்கிறதே என்று சிலர் கேட்டார்கள். குரல் உடைகிற வயது என்றேன். மூன்று பேர் என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள்.

சரி. இரண்டு பேர்.

சரி, ஒருவரும் கேட்கவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், உனக்குப் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ரேட்டோ நான்கு எண்ணி அடிக்கத் தொடங்கினான். நான் வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. அவன் சுற்றிவந்து மறுபடி தொடங்கினான். மறுபடியும் காற்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் நிலத்தைப் பார்த்தேன். அப்போது அம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்தார். மைக்கைப் பறிக்கவில்லை. மைக்கோடு என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வாயருகே இழுத்தார்.

"பபா," என்றார். கூட்டாளிகள் முன்னால் சொன்னால் கொல்லுவேன் என்று நீ என்னை எச்சரித்த அதே உன் வீட்டுப் பெயர். முதல் தரம் சாப்பிடக் கூப்பிடுவதுபோல. இரண்டாம் தரம் நீ வராததுபோல. மூன்றாம் தரம் அந்தக் குரலுக்கு மேல் டிரம் கேட்கவில்லை. அந்தச் சனம் அதுதான் பாட்டு என்று நினைத்துவிட்டது. கையை உயர்த்தி அறுபது பேரும் திருப்பிக் கத்தினார்கள், பபா, பபா என்று. அம்மா நிறுத்தவில்லை. அவர்களும் நிறுத்தவில்லை.

அடுத்த வருடம் முதல் வரியையாவது என் தொண்டையால் கத்துவேன், சத்தியம். இந்த வருடம் சுவரை அதிரவைத்தது நானில்லை அக்கா, வகுப்புக்கு மட்டும் சொல்லிவிடாதே.

மைக்கைப் பிடித்துக்கொண்டு மட்டும் நின்ற,
உன் தம்பி கவின்