பாதியில் எழுந்து வந்த படம்

ஸ்பிரிங்வேல், மெல்பேர்ண்
11.7.1976

என் மகள் வைதேகிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகனும் பிள்ளைகளும் திருகோணமலையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் கடைசி மூன்று கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை, அதனால் நம்பத்தான் முடியும். தம்பிக்கு எழுதும் கடிதத்தின் அடியில் “அப்பாவைக் கேட்டதாகச் சொல்” என்று ஒரு வரி போடுகிறாய். பெற்ற தகப்பனுக்கு அது போதுமா என்பதை நீயே யோசி.

இங்கே கடும் குளிர். உன் தம்பி சிறிதரன் விடிய ஆறு மணிக்கே டண்டினொங் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறான். அவன் பெண்சாதி ராதா நல்ல பிள்ளைதான். ஆனால் நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து ஹீற்றரை நிறுத்திவிடுகிறாள். இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

தம்பி கலர் தொலைக்காட்சி வாங்கியிருக்கிறான். சனிக்கிழமை மத்தியானங்களில் அதில் பழைய அமெரிக்க ஆட்டபாட்டப் படங்கள் போடுகிறார்கள். நான் ஒன்றும் தவறவிடுவதில்லை. “மாமாவுக்குத் தேவாரத்திலும் பார்க்க இதிலைதான் பக்தி” என்று ராதா பகிடி பண்ணுகிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்த காலத்தில் சனிக்கிழமை கந்தோர் வேலை அரைநாள். சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றிவிட்டு வருகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிப் போவேன். நான் போனது தியேட்டருக்கு. பஸ்ஸால் இறங்கியதும் கழுத்து ரையைக் கழற்றிப் பைக்குள் வைப்பேன், நெற்றியைத் துடைப்பேன். தெரிந்தவர்கள் யாரும் மலிவு டிக்கெட் கலரியில் இருக்கமாட்டார்கள் என்பதால் திரைக்குக் கிட்ட, மூட்டைப்பூச்சி கடிக்கும் வாங்குப் பலகையில் இருப்பேன். திரும்பும்போது கடதாசிப் பொட்டலத்தில் இருக்கும் திருநீற்றைப் பூசிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். ஒன்பது வருடம் இப்படி.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். பேசும் இங்கிலிஷை அந்தப் படங்களில்தான் படித்தேன். அதை ஒரு சாட்டாகச் சொல்லலாம். உண்மை அது மட்டும் இல்லை. கந்தோரில் துரைமாருக்கு முன் நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு நிற்பவன் நான். அங்கே ஒரு சாதாரண ஆள், சொல்ல முடியாதது ஒன்று தொண்டையில் வந்து முட்டினால், எழுந்து பாடுகிறான். யாரும் அவனை வெட்கமில்லாதவன் என்று ஏசுவதில்லை. தெருவில் போகிறவர்களும் அவனோடு சேர்ந்து ஆடுகிறார்கள், எல்லாருக்கும் காலடி முன்பே தெரிந்திருக்கிறது. வானம் சீலையில் கீறிய வானம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வானத்துக்குக் கீழே இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்தால் மற்ற ஆறு நாளும் எனக்குத் தாங்கும்.

அந்தச் சனிக்கிழமை ஓடிய படம் உனக்கு மறந்திருக்காது. கப்பல் குசினியில் பீங்கான் கழுவும் ஒருவன் தட்டுகளைத் தட்டி ஆடும் படம். இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். பின்னால் இரண்டாம் வகுப்பில், ரியூசனுக்குப் போயிருக்க வேண்டிய நீ, இரண்டு சிநேகிதிகளோடு கடலை கொறித்துக்கொண்டு இருந்தாய்.

நான் கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். எதிரில் இருந்த தையல்கடைத் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். படம் முடிந்து நீ வந்தாய். ஒரு கால் நடைபாதையிலும் மற்றக் கால் தெருவிலுமாக, அந்தப் பீங்கான் கழுவுகிறவனைப் போலவே, பாடிக்கொண்டு நடந்தாய். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். உன் முகத்தை அப்படி நான் வீட்டில் ஒருநாளும் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்து பெல்ட்டோடு காத்திருந்தேன். நெற்றியில் திருநீற்றோடுதான் உன்னை அடித்தேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். சோதனை எழுத விடவில்லை. அடுத்த மாதமே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினேன். அடுத்த வருடம் கலியாணம். யார் சொன்னது என்று கேட்டாய். என் காதுக்கு வந்தது என்றேன். நீ பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தாய். உங்கள் திட்டம் தெரிந்தும் அன்று வராமல் நின்றவள் அந்த வீட்டு ஞானம்மாள் ஒருத்திதான். அவளுடைய தாய்க்குக் காய்ச்சல். நீ யாரை நினைத்தாய் என்று எனக்கு விளங்கியது. பேசாமல் இருந்தேன். கோட்டை ஸ்ரேசனுக்கு அவள் உன்னை வழியனுப்ப வந்து நின்றபோது நீ முகத்தைத் திருப்பியதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஞானம்மாள் இப்போது இங்கே ஓர் ஆசுப்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். போன சனிக்கிழமை சிறிதரன் தேநீருக்குக் கூட்டி வந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. அன்று தொலைக்காட்சியில் அதே படம். பேப்பரில் பார்த்து நான் பேனையால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அவள் அதைக் கண்டதும் கோப்பையை வைத்துவிட்டாள்.

“அங்கிள், இந்தப் படத்துக்குத்தானே வைதேகி அடிவாங்கினவ? நான் போட்ட ஒரு கடிதத்துக்கும் பதில் இல்லை. இப்பவும் என்னிலைதான் கோவமோ? ஆர் சொன்னதெண்டு எனக்காவது சொல்லுங்கோவன்” என்று கேட்டாள்.

எனக்கு ஞாபகம் இல்லை, பிள்ளை என்றேன்.

எழுபத்திரண்டு வயதில், பக்கத்துக் கதிரையில் அவள் இருக்க, இரண்டாம் தடவையும் அதையே செய்தேன். பிறகு இருவருமாக அந்தப் படத்தின் மிச்சப் பாதியைப் பார்த்தோம். இருபத்து மூன்று வருடமாக எனக்கு முடிவு தெரியாது. அந்தப் பீங்கான் கழுவுகிறவன் தான் செய்த பிழையைக் கப்பல் முழுவதற்கும் கேட்கப் பாடிச் சொல்கிறான். ஞானம்மாள் எனக்கு ஒரு பிஸ்கற்றை நீட்டினாள். என்னால் வாங்க முடியவில்லை.

ரியூசனை விட்டுவிட்டுப் படத்துக்குப் போனது பிழை என்றுதான் இன்றும் சொல்லுவேன். அதில் மாற்றம் இல்லை. ஆனால் உன்னைக் காட்டிக்கொடுத்தது அவள் அல்ல. நான்தான் கண்டேன். அவளுக்கும் இதே சங்கதியை எழுதிவிட்டேன், இரண்டு கடிதமும் நாளைக்கு ஒன்றாகத் தபாலில் போகும். நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை.

அவளுடைய விலாசத்தைத் தனித் துண்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அவளுக்கு எழுது. எனக்கு எழுதுவதானால், கோபம் போய்விட்டது என்று பொய் எழுத வேண்டாம். அன்று தெருவில் வரும்போது என்ன பாட்டுப் பாடினாய் என்று மட்டும் எழுது. நான் எதிர்ப்பக்கம் நின்றேன். பஸ் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

உன் வீட்டில் பிள்ளைகள் பாடினால் பாடட்டும். எல்லாரும் நன்றாக இருங்கள்.

உன் அப்பா,
சி. அரியரத்தினம்