பேரத்துக்குப் படியாத பதினாலு மணி நேரம்

ஏங்க,

விமானத்துக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது. கடைச் சாவி பக்கத்து வீட்டில்.

அலாரம் வைக்க உங்கள் போனை எடுத்தேன். மகள் ஊர் எவ்வளவு தூரம், பறந்துபோக எவ்வளவு நேரம் என்று மூன்று மாதமாகத் தினமும் தேடியிருக்கிறீர்கள்! சொல்லாமல் வெளிநாட்டு வேலைக்குப் போனவள் பேச்சையே எடுக்காதே என்று என்னிடம் கத்திய மனுஷர்! பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம். தினம் போய் விசாரித்தால் குறைத்துக் கொடுக்க அது என்ன நம் கடைத் துணியா?

உங்கள் பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமையும் இதே விமானம் உண்டு.

பி.கு: இறங்கியதுமே "அப்பா வரலையாம்மா?" என்பாள். போனில் இதுவரை ஏதேதோ சாக்குச் சொல்லிவிட்டேன். நேரில் எனக்கு வராது. "வியாழக்கிழமை வர்றார்டி" என்று சொல்லிவிடுவேன். அப்புறம் உங்கள் பாடு.