நீ மூடிய பாதிச் சரிவு

மச்சான்,

நேற்று நான் சொல்லி அனுப்பிய மானாப்புல் லொறியில் வந்து இறங்கியது. கசங்கிய புல்லின் எலுமிச்சை வாசம் கடை முழுக்க ஏறியதும் உன்மேல்தான் எரிச்சல் வந்தது. செத்து ஒரு வருஷம் ஆகவில்லை, இன்னும் போட்டிக்கு வருகிறாய்.

எல்ல ஊர்ப் பக்கம் மழையில் இடிந்த ரயில் பாதையைத் திரும்பப் போட, இயந்திரங்கள் ஏறக் காட்டை வெட்டினார்கள். வேலை முடிந்ததும் அந்தச் சரிவை மறுபடி பச்சையாக்கும் கொந்தராத்து நமக்குப் பாதிப் பாதி. நான் மண்ணோடு செதுக்கிய புல்லை வாங்கிப் பாய் போல விரித்தேன். ஒரே கிழமையில் பச்சை. நீயோ கீழே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயத்துக்குப் போய்க் கொழுந்தெடுக்கும் பெண்களிடம், "மழைக்குத் தண்ணி எந்தப் பக்கமா எறங்குது அக்கா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாய். அவர்கள் கை காட்டிய இடமெல்லாம் தண்ணீர் வழிந்தோடக் கான் வெட்டினாய். குறுக்கே வரிசையாக மானாப்புல் நட்டு, காட்டுச் சருகை அள்ளிக் கொட்டினாய். மாதக்கணக்கில் உன் பாதி மொட்டை.

"என்னா மச்சான், கதிர்காமத்துக்கு நேந்துக்கிட்டியா?" என்றேன்.

"மொட்டையில முடி வளரும்டா மொதலாளி. ஒன்னோடது டோப்பா."

அடுத்த பெருமழையில் என் டோப்பா சுருண்டு லயத்து வாசலில் கிடந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. உன் பக்கம் ஒரு கல்கூட நகரவில்லை. நான் கூடுதல் கூலி தருகிறேன் என்று சொல்லியும் அந்தப் பெண்கள் ஏன் உன்னிடமே வேலைக்குப் போனார்கள் என்று அன்றுதான் புரிந்தது. புரிந்த பிறகு பொறாமை கூடியதே தவிர குறையவில்லை.

போன கிழமை, அதே பாதையில் இன்னொரு சரிவை மூட ஆள் தேடிய எஞ்சினியர் நம் பழைய சரிவைப் பார்க்க வந்தார். உன் பாதியில் நாம் நடாத காட்டுச் செடிகளெல்லாம் தோளுயரம் நிற்கின்றன.

"இது யார் செஞ்சது?"

"நாங்க ரெண்டு பேரும்தான் சேர்."

பக்கத்தில் நின்ற லயத்து அக்கா விடவில்லை. "ஏன் மொதலாளி, ஒங்க பாதிய எங்க வாசல்லருந்து நாங்கதானே அள்ளிக் கொட்டுனோம்!"

எஞ்சினியர் சிரித்தார். வேலையை எனக்கே தந்தார். நீ இல்லாததால் கிடைத்த வேலை என்பது எனக்குத் தெரியாதா?

இந்த முறை புதுச் சரிவுக்குக் கீழே உள்ள வீடு வீடாக நானும் ஏறி இறங்கினேன். எங்கே கான் வெட்டலாம் என்று கேட்டால், "அந்த அண்ணன் இருந்திருந்தா…" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நீ இருந்தவரை, என்றைக்காவது உன் கணக்கும் பிசகும் என்று காத்திருந்தேன். இனி நீ எதிலும் பிசக மாட்டாய். மழை இருட்டிக்கொண்டு வரும்போது அந்த வீடுகளை நினைத்துப் பயப்பட நான் ஒருவன்தான் மிச்சம்.