கால் மணி நேரம் கேட்டவளுக்கு

நேற்று சூலூரில் ஒரு கல்யாணம். பந்தியில் இலை போட்டுப் பரிமாறும் நேரத்தில் கரண்ட் போனது. மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டரைப் போட்டார்கள். டீசல் புகை உள்ளே வந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் இலையை விட்டு எழுந்து வந்துவிட்டேன். என்னவோ குறை வைத்துவிட்டோம் என்று பெண் வீட்டார் பின்னாலேயே ஓடி வந்தார்கள், பாவம். அவர்களிடம் என்ன சொல்ல? உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நம் தறிக்கூடத்தில் எட்டு விசைத்தறி. ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். கரண்ட் போனால் எல்லாம் ஒரேயடியாக நிற்கும். ஆட்கள் டீக்கடைக்குப் போவார்கள். நீ மூலையில் மருதமலை முருகன் இருக்கும் திசை பார்த்துச் சம்மணமிட்டு உட்காருவாய். பாட்டில்லை, மந்திரமில்லை. ஈ உட்கார்ந்தாலும் கை அசையாது. அறுந்த நூலெல்லாம் அப்படியே கிடக்க, கட்டிய பெண்டாட்டி இவள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அப்படி என்னதான் பண்றே அம்மணி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் பண்றதில்லீங்க மாமா. சாமி இருக்குது, நானும் இருக்கறேன்" என்றாய்.

தொண்ணூறுகளின் நடுவில் கரண்ட் அடிக்கடி போக ஆரம்பித்தது. நான் ஜெனரேட்டர் வாங்கினேன். சந்தனம் பூசி, தேங்காய் உடைத்து, அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டேன். அன்றைக்குத்தான் நீ கேட்டாய். "ஏனுங்க மாமா, கரண்டு போனா ஒரு காமணி நேரம் உட்டுப்போட்டு இதைப் போடலாமுங்களா?"

அத்தனை பேர் முன்னால் சிரித்தேன். "உன்ற சாமிக்கு வேற வேலை இல்லீன்னா எனக்குமா இல்லை? ஒரு நிமிசங்கூட நிக்காது, போ!"

அதற்குப் பிறகு தறி நிற்கவே இல்லை. நீ ஓடுகிற தறியோரமே கண்ணை மூடி நின்று பார்த்தாய். அந்தச் சத்தத்தில் மனசை நிறுத்த முருகா முருகா என்று சொன்னாய் போல, உதடு அசையும். என்னைத்தான் கூப்பிடுகிறாய் என்று ஓடி வந்து, தோளைத் தட்டி, "என்ன வேணும்?" என்று கேட்பேன். ஒருமுறை இருமுறையல்ல. அப்புறம் உதடு அசைவதும் நின்றுபோனது.

கடைசியில் நீ படுத்திருந்த ஆஸ்பத்திரி அறை அமைதியாகத்தான் இருந்தது. இப்போதாவது சாமியை நினைத்துக்கொள் என்றேன். "முடியலீங்க மாமா. கண்ண மூடுனா தறிதாங்க ஓடுது" என்றாய்.

உன் காரியம் முடிந்த மறுவாரமே ஜெனரேட்டரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். என்ன பிரயோஜனம்? என்மேல் கோபமாக வருகிறது. உன்மேலும்தான். சந்தையில் ஒரு சொத்தைக் கத்தரிக்காய்க்கு அத்தனை சண்டை போடுகிறவள், என்னிடம் ஏன் இரண்டாம் முறை கேட்கவில்லை? அந்த மிஷின்மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றியிருக்கலாமே! சாமியையும் விடுவதாக இல்லை. அத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்தவளுக்காக என்னை ஓர் அறை அறைந்திருக்க வேண்டாமா?

இப்போது காலையில் தறி போடுவதற்கு முன் நான் உட்காருகிறேன். பக்தியெல்லாம் இல்லை, வீம்பு. போன் அடிக்கும், வாசலில் நூல் வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான். எழுந்திருக்க மாட்டேன். ஆனால் கண்ணை மூடினால் நீதான் குறுக்கே வந்து நின்று கால் மணி நேரம் கேட்கிறாய். எடுத்துக்கோ அம்மணி, எடுத்துக்கோ என்கிறேன். நீ நகர்வதில்லை. உன்னைத் தாண்டிச் சாமியிடம் போக எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.