ஆமினாம்மாவின் அத்தியாயம்

1946, மார்கழி, வெள்ளி.

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி என்னை நிறுத்தினார். சூஃபி ஞானிகளைப் பற்றி நான் எழுதும் நூலில், செந்துறையில் நெல் அவிக்கும் ஆமினாம்மாவுக்கும் ஓர் அத்தியாயம் இருப்பது அவர் காதுக்குப் போய்விட்டது.

“எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைய வலிமார்களோட சேர்த்துட்டீங்களே! எடுத்துடுங்க. இல்லாட்டி உங்க மவ நிக்காஹுக்கு ஜமாஅத்துலேர்ந்து யாரும் வரமாட்டோம்.”

இருபது வருடம் அரபுக் கிதாபுகளில் தேடியும் எனக்குக் கைகூடாத இறைதியானம், அவளுக்கு அடுப்படியில் மூச்சோடு மூச்சாக நடக்கிறது. அதைக் கண்ணால் கண்டவன் நான்.

“எடுக்க மாட்டேன்” என்றேன்.

வீட்டில் மகளிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். கேட்டதும் அவள் சிரித்தாள்.

“வர்றவங்க வரட்டும் அத்தா. அச்சுக்கு அந்த அத்தியாயத்த நானே படியெடுத்துத் தரேன்.”

எதிரே அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். காலைத் தபாலில் திருச்சி அச்சகத்துக்கு முதலில் போவது அதுதான்.