கம்ப்யூட்டர் ரூம் சாவி

இன்னமும் என்னைப் பொறாமைப்பட வைக்கிற கோதைக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நம் பள்ளிக்கு ஆறு புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, எல்லாம் கலர்த் திரை. வெள்ளிக்கிழமை புது அறையைத் திறக்கிறார்கள். பழைய நாலு பெட்டியையும் இத்தனை வருஷம் ஓட வைத்ததற்காக எனக்குச் சால்வை போடப் போகிறார்களாம். சிரிக்காதே.

அந்த நாலு பெட்டியும் வந்து இறங்கிய அன்றே எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிட்டது. பதினெட்டு வருஷமாகக் கணக்கு டீச்சர் நான். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற, நேற்றுச் சேர்ந்த உன் கையில் கொண்டுபோய் அறைச் சாவியைக் கொடுத்தார் தலைமையாசிரியை. போதாததற்கு நீ வந்து, "அக்கா, நீங்களும் கூட வாங்க" என்றாய். அக்காவாம்! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த அறையில் உன் சட்டம்தான். செருப்பு வெளியே. கையைக் கழுவித் துடைத்த பிறகே கீபோர்டைத் தொடலாம். ஃப்ளாப்பியை எடுத்த பிறகே சுவிட்சை அணைக்கலாம். அணைத்தாலும் உடனே உறை போட விட மாட்டாய். "செத்த நேரம் இருங்கக்கா, சூடு ஆறட்டும். பொறவு மூடுவோம்" என்பாய்.

எந்தப் பெட்டியில் யார் உட்கார்ந்தார்கள், என்ன கோளாறு என்று நோட்டில் எழுதவும் வைத்தாய். என் வீட்டுப்பாடத்தைத் தொடாத பிள்ளைகள் உன் நோட்டில் கையெழுத்துப் போட அடித்துக்கொண்டார்கள். எனக்கு எரியுமா எரியாதா, நீயே சொல்.

ஆடிப்பூரத் தேருக்கு வீட்டில் விருந்தாளிகள் என்று நீ லீவு போட்ட அன்று சாவி என்னிடம் வந்தது. உன்னைவிட நன்றாகச் செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. நீ பழைய வேட்டித் துணியால் துடைப்பவள். என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து கொண்டுவந்த பஞ்சு வீட்டில் இருந்தது. அதைவிட மெதுவானது உண்டா? நாலு பெட்டியையும் அந்தப் பஞ்சால் துடைத்தேன், பின்பக்கத்துக் காற்று ஓட்டைகளிலும் விட்டுக் குடைந்தேன். அணைத்த கையோடு உறையும் போட்டேன்.

நீ திரும்பி வந்த அன்று பத்தே நிமிஷத்தில் இரண்டு பெட்டி தீய்ந்த வாடையோடு நின்றது. நீ திருகைக் கழற்றிப் பார்த்தாய். உள்ளே காத்தாடியில் வெள்ளையாகப் பஞ்சு சுற்றியிருந்தது. என் முகத்தைப் பார்த்தாய். நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

தலைமையாசிரியை வந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"நான்தான் டீச்சர் சரியா கவனிக்கல" என்றாய் நீ.

அன்றைக்கே சாவி என் கைக்கு மாறியது. நின்ற இரண்டும் ரிப்பேராகி என்னிடமே வந்தன.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, என்ன பிரயோஜனம்? அதன் பிறகு தினமும் நான் செய்ததெல்லாம் நீ சொன்னதைத்தான். அப்படியும் பிள்ளைகள் வாசலில் நின்று, "கோதை டீச்சர் வரமாட்டாகளா?" என்று என்னிடமே கேட்டார்கள். உயிர் போகிற கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும், "மழை வருது, ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினாய்.

என்னை மன்னித்தாயா? இல்லை, இவளோடு என்ன வம்பு என்று விட்டுவிட்டாயா? பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நல்லவள் என்ற பெயரிலும் நீயே முந்திக்கொண்டாய். அதுதான் இன்னும் ஆறவில்லை.

நேற்று அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். 'காத்தாடியில் பஞ்சு. பொறுப்பு: கோதை' என்று உன் கையெழுத்தில் இருந்தது. உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

வெள்ளிக்கிழமை, சால்வையைப் பிரிக்கும் முன்பே, அந்தப் பக்கத்தை மைக்கில் வாசிப்பேன். வாசித்த கையோடு இறங்கி ஓடிவிட மாட்டேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று செத்த நேரம் அங்கேயே நிற்பேன்.

நீ கூப்பிட்டபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்ட,
உன் அக்கா
பாக்கியம்