பள்ளம் காய்ந்திருக்கிறது

அக்டோபர் 21, 2064. காலை 7:10

பக்கிரி சந்து மழைத்தோட்டத்தின் கண்காணிப்பு இயந்திரம் எழுதுவது. நேற்று நல்ல மழை. சந்துத் தண்ணீர் முழுவதும் தோட்டப் பள்ளத்தில் இறங்கி, வெட்டிவேரும் மணலும் வாங்கிக்கொண்டு மண்ணுக்குள் போய்விட்டது. தெருவில் தேங்கவில்லை.

சந்தின் தாழ்ந்த கோடியில் ஜெபக்கனி அக்கா வீடு. கணவர் ஏசுவடியான் கை கால் அசையாமல் கட்டிலில் கிடப்பவர். தூக்க நான்கு பேர் வேண்டும். மழை வந்தால் அக்கா கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கை அடைத்துவிட்டு எனக்குப் போன் போடுவார்: "தம்பி, தண்ணி ஏறுதா?" பள்ளம் நிறைந்தால் சொல்வேன். பக்கத்து ஆட்கள் வந்து அவரை மாடிக்குத் தூக்கிப் போவார்கள்.

போன வருடம் கேமராவில் பார்த்து முன்கூட்டியே எச்சரித்தேன். பீதி கிளப்புகிறேனாம். சந்துக் குடியிருப்போர் சங்கத் தலைவர் வேதாசலம் என் வாயைப் பள்ளத்து அளவுகோலோடு கட்டிவைத்துவிட்டார். அது காட்டுவதைத்தான் நான் பேச முடியும். இந்தப் பதிவில் மட்டும் என் இஷ்டம். இந்த வார்டின் பழைய புகார் அழைப்புகளை வைத்துத்தான் எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். கோபம் வரத்தான் செய்யும்.

அக்டோபர் 29. பகல் 11:40

நகரத்தின் சிறந்த மழைத்தோட்டம் என்று நமக்குப் பரிசு. வேதாசலம் ஆட்களோடு வந்து நின்றார். "என்னய்யா புதர் மாதிரி கெடக்கு? பரிசு வாங்குற எடமா இது? பிடுங்கிப் போட்டுட்டு கல்லு பாவுங்க."

வெட்டிவேரைப் பிடுங்கினார்கள். பள்ளத்தை, உள்ளே நிற்கும் அளவுகோலோடு சேர்த்துப் பலகையால் மூடி, பிளாஸ்டிக் விரித்து, மேலே சிமென்ட் கல் பாவினார்கள். நாலு பூந்தொட்டி. மழைத்தோட்டத்துக்குப் பரிசு வாங்க மழைத்தோட்டத்தையே மூடிய ஜென்மங்கள். அளவுகோல் மூடப்பட்டதென்று வார்டு அலுவலகத்துக்குத் தானியங்கிப் பழுதுப் புகார் போனது. பதில்: "தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது." பரிசீலித்துக் கிழித்தார்கள்.

நவம்பர் 3. காலை 11:15

பரிசு கொடுக்க வந்த அதிகாரி கல்தரையைப் பார்த்து "வெரி நீட்" என்றார். எனக்கும் மரியாதை செய்தார்கள். கம்பத்துக்குப் பொன்னாடை, கேமராக் கண்ணாடியில் சந்தனம், குங்குமம். கண் போயிற்று.

சந்தே திரண்டு அடுத்த தெரு மண்டபத்துக்குப் பிரியாணி சாப்பிடக் கிளம்பியது. அக்கா வாசலில் நின்று கேட்டார்: "எல்லாருமே போறீங்களே, மேகம் கறுத்திருக்கே?"

வேதாசலம் சொன்னார்: "அதான் மெஷின் இருக்குல்லம்மா. அது சொன்னா ஓடி வந்துடுவோம்."

பகல் 12:50

கொட்டுகிறது. காது மட்டும் இருக்கிறது. கல்லின் மேல் தண்ணீர் கோடி வீட்டை நோக்கி ஓடும் சத்தம். பள்ளத்துக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை.

"தம்பி, தண்ணி ஏறுதா?"

என் வாய் சொன்னது: "இல்லை அக்கா. பள்ளம் காய்ந்திருக்கிறது. நிம்மதியாக இருங்கள்."

"சரிப்பா" என்றார். நம்பிவிட்டார்.

1:20

மண்டபத்திலிருந்து வேதாசலம். போனை மைக்கில் வைத்திருக்கிறார். "நம்ம தோட்டம் எப்படி இருக்கு, சொல்லு."

"பள்ளம் காய்ந்திருக்கிறது."

கைதட்டினார்கள். நாசமாய்ப் போங்கள் என்று இங்கே எழுதத்தான் முடிகிறது.

1:35

"தம்பி, பாத்ரூம் வழியாப் பொங்குது. கதவு தொறக்க மாட்டேங்குது. கட்டில் நனையுதுப்பா. மண்டபத்துல யாரும் போன எடுக்கல. நீயாவது கூப்பிடு."

கூப்பிட்டேன். வேதாசலம் எடுத்தார். பாட்டுச் சத்தத்துக்கு நடுவே என் குரல் அவருக்குத் தெளிவாகக் கேட்டது: பள்ளம் காய்ந்திருக்கிறது. "தெரியும்பா, அதான் சொன்னியே" என்று வைத்துவிட்டார்.

1:50

அக்கா இணைப்பைத் துண்டிக்கவில்லை. கணவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறார். அவரிடமிருந்து பதில் இல்லை. என் வாய் நடுநடுவே நிம்மதியாக இருக்கச் சொல்கிறது. பாவிகளா, இந்த வாயையாவது அடைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா.

1:58

தண்ணீர் என் மின்கலத்தைத் தொட்டுவிட்டது. இதைக் கண்டெடுப்பவருக்கு: கல்லைப் பெயர்த்துப் பாருங்கள். நான் சொன்னதில் பொய் இல்லை. பள்ளம் இப்போதும் காய்ந்துதான்